கதவும் கேமராவும் நெட்வொர்க்கில்: பெங்களூரு அடுக்குமாடிகளுக்கும் அலுவலகங்களுக்குமான கேள்வி பதில்கள்

அசோசியேஷன் பொறுப்பில் இருப்பவர்கள், சிறு அலுவலகம் நடத்துபவர்கள், கட்டட மேலாளர்கள் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை மூன்று விஷயங்கள். உள்ளே இருப்பவர் எந்த நேரத்திலும் வெளியே வர முடிய வேண்டும். கதவைத் திறப்பதா வேண்டாமா என்ற முடிவு கதவுக்குப் பக்கத்திலேயே நடக்க வேண்டும். பாஸ்வேர்டுகள் கட்டடத்துக்காரர் கையில் இருக்க வேண்டும்.

ஒரு கதவுக்கு என்னென்ன சாமான்கள் வேண்டும்?

வெளிப்பக்கம் கார்டையோ கைரேகையையோ படிக்கும் ரீடர், உள்பக்கம் எக்ஸிட் பட்டன், கதவின் மேல் பூட்டு (பெரும்பாலும் மேக்னட் லாக்), கதவு உண்மையிலேயே மூடியிருக்கிறதா என்று சொல்லும் டோர் சென்சார். இந்த நான்கின் வயர்களும் வந்து சேரும் கன்ட்ரோலர் உள்பக்கத்தில், பூட்டிய பெட்டிக்குள் இருக்கும். அதற்கு 12 வோல்ட் பவர் சப்ளையும் 7 ஆம்பியர்-மணி பேட்டரியும் வேண்டும். கன்ட்ரோலரிலிருந்து நெட்வொர்க் ஸ்விட்சுக்கு (சாதனங்களின் கேபிள்கள் வந்து சேரும் பெட்டி) ஒரு நெட்வொர்க் கேபிள். அவசரத்துக்குக் கண்ணாடியை உடைத்துத் திறக்கும் பச்சைப் பெட்டி.

கொட்டேஷனில் அடிக்கடி விட்டுப்போவது டோர் சென்சாரும், கதவைத் தானாக மூடும் டோர் க்ளோசரும்தான். சென்சார் இல்லாவிட்டால் கன்ட்ரோலருக்குத் தெரிவது "பூட்டை விடுவித்தேன்" என்பது மட்டுமே. கதவு இரவு முழுக்கத் திறந்தே கிடந்தாலும் ரிப்போர்ட்டில் எல்லாம் சரியாகவே தெரியும். சில நூறு ரூபாய்ச் சாமான் அது. அதை விட்டுவிட்டு ஆப்புக்குக் காசு கட்டுவதில் பயனில்லை.

இன்டர்நெட் போனால் கதவு என்ன ஆகும்? பெஸ்காம் கரண்ட் போனால்?

இரண்டும் வேறு வேறு. நல்ல கன்ட்ரோலர், அனுமதிப் பட்டியலைத் தன் நினைவகத்திலேயே வைத்திருக்கும். நெட் போனாலும் கார்டு வேலை செய்யும். நடந்த நிகழ்வுகளைச் சேர்த்துவைத்து, நெட் வந்ததும் அனுப்பும். ஒவ்வொரு கார்டுக்கும் மேகக் கணினியைக் கேட்டுத்தான் திறப்போம் என்ற சாதனத்தை வாங்காதீர்கள். செயல்விளக்கத்தின்போதே நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டுக் கார்டைக் காட்டிப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கரண்ட் போனால் கணக்கு பேட்டரியில். 280 கிலோ பிடிப்பு உள்ள மேக்னட் லாக் 12 வோல்ட்டில் சுமார் அரை ஆம்பியர் எடுக்கும். கன்ட்ரோலரும் ரீடரும் சேர்ந்து இன்னொரு 0.4 என்று வைத்தால் மொத்தம் 0.9 ஆம்பியர். 7 ஆம்பியர்-மணி பேட்டரி காகிதத்தில் ஏழே முக்கால் மணி நேரம் வரும். புதிய பேட்டரியாக இருந்தாலும் ஐந்து மணிக்கு மேல் நம்ப வேண்டாம். இரண்டு மூன்று ஆண்டுகளில் அதுவும் தேய்ந்துவிடும். பேட்டரியின் மேல் போட்ட தேதியை மார்க்கரால் எழுதிவையுங்கள்.

தீ விபத்து நடந்தால்?

இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன் நான்காம் பகுதி தீ, உயிர்ப் பாதுகாப்பு பற்றியது. வெளியேறும் வழிக் கதவை உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்க முடிய வேண்டும் என்பது அதன் அடிப்படை.

மேக்னட் லாக்கில் மின்சாரம் நின்றால் கதவு விடும். ஆகவே தீ எச்சரிக்கைப் பேனலின் ரிலேயை (மின் இணைப்பைத் தானாகத் துண்டிக்கும், சேர்க்கும் ஸ்விட்ச்), பூட்டுக்குப் போகும் பிளஸ் வயரில் தொடராக இணைக்க வேண்டும். அலாரம் அடித்ததும் ரிலே வயரைத் துண்டிக்கும், பூட்டு விடும். சாஃப்ட்வேர் வழியாக "தீ வந்தால் எல்லாக் கதவையும் திற" என்று நிரல் எழுதுவது கூடுதல் வசதியாக இருக்கலாம். அதையே ஒரே வழியாக வைக்கக் கூடாது, ஏனென்றால் தீயில் நெட்வொர்க் ஸ்விட்சும் சர்வரும் முதலிலேயே போய்விடலாம்.

அடிக்கடி பார்க்கும் தவறு ஒன்று உண்டு. ரிலேயை 230 வோல்ட் பக்கத்தில் போட்டுவிடுவார்கள். மெயின் கரண்ட் நிற்கும். ஆனால் பேட்டரி பூட்டை இன்னும் ஐந்து மணி நேரம் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். துண்டிப்பு, பேட்டரிக்குப் பிறகு, பூட்டுக்கு முன்னால் நடக்க வேண்டும். பச்சைப் பெட்டிக்கும் இதே விதி: அது கன்ட்ரோலருக்குச் சேதி சொல்வதோடு நிற்காமல் பூட்டின் வயரைத் தானே நேரடியாக அறுக்க வேண்டும். இரண்டு ஜோடி முனைகள் உள்ள பெட்டியாக வாங்கினால் ஒன்று அறுக்கும், மற்றது சேதி சொல்லும்.

சோதனை எளிது. நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள், தீ அலாரப் பெட்டியை இயக்குங்கள், ஒவ்வொரு கதவையும் கையால் தள்ளிப் பாருங்கள். பேஸ்மென்ட் படிக்கட்டுக் கதவை மறக்க வேண்டாம்.

சர்வர் அறை போல, கரண்ட் போனாலும் பூட்டியே இருக்க வேண்டிய இடத்துக்கு மேக்னட் வேண்டாம். கரண்ட் இல்லாதபோது பூட்டியே நிற்கும் வகை எலெக்ட்ரிக் ஸ்ட்ரைக் (கதவு நிலையில் பொருத்தும் மின்பூட்டு) போட்டு, உள்பக்கம் சாதாரணக் கைப்பிடி வையுங்கள். வெளியே பூட்டியிருக்கும், உள்ளே இருப்பவர் கைப்பிடியைத் திருப்பினால் வெளியே வந்துவிடலாம்.

ரீடரிலேயே எல்லாம் அடங்கியிருக்கிறது, தனி கன்ட்ரோலர் வேண்டாம் என்கிறார் விற்பவர். விலையும் குறைவு. வாங்கலாமா?

உள்அறைக் கதவுக்கு வாங்கலாம். தெருப் பக்கம் இருக்கும் கதவுக்கு வேண்டாம். அந்த மாதிரிச் சாதனத்தில் பூட்டை விடுவிக்கும் ரிலே, சுவருக்கு வெளியே மாட்டிய பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு ஸ்குரூவைக் கழற்றிப் பின்னால் வரும் வயர்களில் கை வைத்தால் கதவு திறந்துவிடும். கைரேகையும் முகமும் வெறும் அலங்காரம் ஆகிவிடும். ஏற்கெனவே மாட்டியாகிவிட்டது என்றால், ரிலேயை மட்டும் உள்பக்கத்துக்கு மாற்றும் தனி மாட்யூல் அந்தச் சாதனத்துக்குக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். பெயர்த்தால் அலாரம் அடிக்கும் டேம்பர் ஸ்விட்சையும் இணைக்கச் சொல்லுங்கள். பல இடங்களில் அது பெட்டியில் இருக்கும், வயர் மட்டும் போட்டிருக்காது.

எங்கள் கார்டை நகல் எடுக்க முடியுமா?

125 கிலோஹெர்ட்ஸ் கார்டு என்றால் முடியும், அதுவும் சில விநாடிகளில். அந்தக் கார்டு தன் எண்ணை யார் கேட்டாலும் சொல்லும். ரகசியம் எதுவும் அதில் கிடையாது. அடுத்தது மைஃபேர் கிளாசிக் கார்டு. அதன் கிரிப்டோ-1 என்ற மறையாக்கத்தை 2008-லேயே ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டிவிட்டார்கள். இப்போது புதிதாகப் போடுவதென்றால் ஏ.இ.எஸ். மறையாக்கம் உள்ள டெஸ்ஃபயர் இ.வி.2 அல்லது இ.வி.3 கார்டு.

இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. டெஸ்ஃபயர் கார்டை விற்றுவிட்டு, ரீடரை அந்தக் கார்டின் வரிசை எண்ணை மட்டும் படிக்கும்படி அமைத்துவிடுவார்கள். மறையாக்கப் பகுதியைத் தொடவே மாட்டார்கள். விலை கொடுத்தது ஏ.இ.எஸ். கார்டுக்கு, கிடைத்தது பழைய கார்டின் பாதுகாப்பு. "ரீடர் வரிசை எண்ணைப் படிக்கிறதா, பாதுகாக்கப்பட்ட கோப்பைப் படிக்கிறதா? அந்தக் கோப்பைத் திறக்கும் மறையாக்கச் சாவி யாரிடம் இருக்கிறது?" என்று எழுத்தில் கேளுங்கள். சாவி அசோசியேஷனிடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த நூறு கார்டையும் அதே விற்பனையாளரிடம் அவர் சொன்ன விலைக்குத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

வீகண்ட், ஓ.எஸ்.டி.பி. என்று கொட்டேஷனில் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

ரீடரும் கன்ட்ரோலரும் பேசிக்கொள்ளும் முறைகள் இவை. வீகண்ட் பழையது. பரவலாக இருக்கும் 26 பிட் வடிவத்தில் 8 பிட் வளாக எண், 16 பிட் கார்டு எண், 2 பிட் சரிபார்ப்பு. வளாக எண் 0 முதல் 255 வரை மட்டுமே இருப்பதால் இன்னொரு கட்டடத்துக் கார்டு உங்கள் கார்டோடு ஒத்துப்போக வாய்ப்புண்டு. வயரில் போவது மறையாக்கம் இல்லாத எண். ரீடரைக் கழற்றி இடையில் ஒரு சிறு கருவியை வைத்தால் எல்லா எண்களும் அதில் பதிவாகும். கேபிள் நீளமும் சுமார் 150 மீட்டரோடு முடிந்துவிடும்.

ஓ.எஸ்.டி.பி. இரு வழித் தொடர்பு, ஆர்.எஸ்.485 வயரில் 1200 மீட்டர் வரை போகும், ஏ.இ.எஸ்.-128 மறையாக்கத்தோடு பேசும் பாதுகாப்பு வழி உண்டு. ரீடரைப் பிடுங்கினால் கன்ட்ரோலருக்கு உடனே தெரியும். புதிய வேலைக்கு இதையே கேளுங்கள். ஆனால் பாதுகாப்பு வழி தானாக இயங்காது. அமைப்பில் போய் இயக்க வேண்டும், தயாரிப்பாளர் வைத்த பொதுச் சாவியையும் மாற்ற வேண்டும்.

மேக்னட் லாக் சரியாகப் பிடிப்பதில்லை. இழுத்தால் வந்துவிடுகிறது.

முதலில் பூட்டின் முனையில் மல்டிமீட்டர் வைத்து வோல்ட்டேஜைப் பாருங்கள். பவர் சப்ளை பக்கத்தில் அளப்பதில் பயனில்லை. 0.5 சதுர மில்லிமீட்டர் வயரை 50 மீட்டர் இழுத்திருந்தால், போக வர 100 மீட்டர். தடை சுமார் 3.4 ஓம். அரை ஆம்பியருக்கு 1.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். பூட்டுக்குக் கிடைப்பது 10.3. அதே தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால் இழப்பு 0.6 வோல்ட்டுக்கும் குறைவு.

வோல்ட்டேஜ் சரியாக இருந்தால் தகட்டைப் பாருங்கள். கதவில் இருக்கும் இரும்புத் தகடு லேசாக ஆட வேண்டும். நடுவில் ரப்பர் வாஷர் இருக்க வேண்டும். அசையாமல் முறுக்கிவிட்டால் காந்தத்தின் மேல் முழுதாகப் படியாது. தகட்டின் மேல் பெயின்ட், டேப், தூசி இருந்தாலும் பிடிப்பு பெருமளவு குறையும்.

இன்னொரு கோளாறு: பூட்டு சில மாதம் நன்றாக இயங்கிவிட்டு, பிறகு கன்ட்ரோலரின் ரிலே ஒட்டிக்கொள்ளும். பூட்டின் சுருள் அணையும்போது எழும் உயர் மின்னழுத்தம்தான் காரணம். பூட்டுக்குள்ளேயே பாதுகாப்பு இல்லாவிட்டால் அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே 1என்4007 டயோடு போடுங்கள். வெள்ளைக் கோடு உள்ள பக்கம் பிளஸ்ஸில். மாற்றிப் போட்டால் ஷார்ட் ஆகும்.

கேமரா பகலில் நன்றாக இருக்கிறது; இரவானால் அணைந்து அணைந்து எழுகிறது.

கேபிளைச் சந்தேகப்படுங்கள். பெங்களூருவின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் மலிவாகக் கிடைக்கும் கேட்-6 சுருள்களில் சில, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. அலுமினியத்தின் தடை அதிகம். இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியதும் கேமரா கூடுதல் மின்சாரம் இழுக்கும், வழியில் வோல்ட்டேஜ் சரியும், கேமரா அணையும். ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளியாக மின்னினால் அது செம்பு இல்லை.

ஸ்விட்சின் மொத்தத் திறனையும் பாருங்கள். நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் 802.3ஏ.எஃப். தரத்தில் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட், கேமராவுக்குப் போய்ச் சேருவது 12.95 வாட். எட்டு போர்ட் ஸ்விட்சின் மொத்தத் திறன் 60 வாட்தான் என்றால் எட்டுக் கேமராவும் ஒரே நேரத்தில் முழு அளவு எடுக்க முடியாது. நல்ல செம்புக் கேபிளாக இருந்தாலும் எல்லை 100 மீட்டர்.

எவ்வளவு ஹார்ட் டிஸ்க் வேண்டும்?

ஒரு கேமரா விநாடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால் நாளுக்கு 43.2 ஜிபி. 16 கேமரா, 30 நாள் என்றால் 20.7 டிபி. காட்சியைக் கூடுதலாகச் சுருக்கும் எச்.265 முறையில் 2 மெகாபிட்டாக வைத்தால் இதில் பாதி. கர்நாடகப் பொதுப் பாதுகாப்பு (நடவடிக்கைகள்) அமலாக்கச் சட்டம், 2017-இன் கீழ் வரும் பொதுமக்கள் கூடும் நிறுவனங்களுக்கு 30 நாள் பதிவு என்பது அளவு; குடியிருப்புகளுக்கும் அதையே வைப்பது நல்லது.

இடத்தை மிச்சப்படுத்த எல்லாக் கேமராவின் தரத்தையும் ஒரேயடியாகக் குறைக்காதீர்கள். கேட்டில் முகம் அடையாளம் தெரிய வேண்டும் என்றால் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும். 4 மெகாபிக்சல் கேமராவின் படம் அகலவாக்கில் 2560 பிக்சல். ஆக, காட்சியின் அகலம் பத்து மீட்டருக்குள் இருக்க வேண்டும். வளாகம் முழுக்கக் காட்டும் ஒரே கேமராவில் திருடனின் சட்டை நிறம் தெரியும், முகம் தெரியாது.

போனில் எல்லாக் கேமராவையும் பார்க்க வேண்டும். பாதுகாப்பாக எப்படி?

ரவுட்டரில் போர்ட் திறந்துவிடுவது மிக மோசமான வழி. 2016-இல் மிராய் என்ற தீநிரல், சுமார் 60 தொழிற்சாலைப் பாஸ்வேர்டுகளை மட்டுமே முயன்று பார்த்து ஏராளமான கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் (காட்சியைப் பதியும் பெட்டிகள்) பிடித்து, அவற்றைக் கொண்டே பெரிய இணையச் சேவைகளை முடக்கியது. அந்த மாதிரித் தேடல் இன்றும் ஓயாமல் நடக்கிறது.

செய்ய வேண்டியது இது. கேமரா, என்.வி.ஆர். (நெட்வொர்க் கேமராக்களின் காட்சியைப் பதியும் பெட்டி), கதவுக் கன்ட்ரோலர் எல்லாவற்றையும் தனி வி-லேனில் (ஸ்விட்சுக்குள்ளேயே பிரித்த தனி நெட்வொர்க்), முடியாவிட்டால் தனி ஸ்விட்சில் வையுங்கள். கிளப் ஹவுஸ் வைஃபையோடு கலக்க வேண்டாம். அந்தப் பகுதியிலிருந்து இன்டர்நெட்டுக்குப் போகும் வழியை ரவுட்டரில் அடைத்துவிடுங்கள். ரவுட்டரில் யூ.பி.என்.பி.யை அணையுங்கள், இல்லாவிட்டால் சாதனம் தானே போர்ட்டைத் திறந்துகொள்ளும். வெளியிலிருந்து பார்க்க, ரவுட்டரிலேயே வயர்கார்டு போன்ற வி.பி.என். (இன்டர்நெட்டுக்குள் மறையாக்கத்தோடு போகும் தனி வழி) அமைத்து, பொறுப்பாளர்கள் போனில் மட்டும் போடுங்கள். ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு. செக்யூரிட்டி மேசைக்குப் பார்க்கும் உரிமை மட்டும்.

இங்கே பல ஃபைபர் இணைப்புகளில் பொது ஐ.பி. முகவரி பலருக்கும் பங்காக வரும். அதனால் போர்ட் திறந்தாலும் வேலை செய்யாது. உடனே கேமராவைப் பொருத்தித் தருபவர் க்யூ.ஆர். கோடு ஸ்கேன் செய்யும் பி2பி வசதியை இயக்கிவிடுவார். காட்சி தயாரிப்பாளரின் சர்வர் வழியாகப் போகிறது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். நிலையான ஐ.பி.க்கு மாதம் கொஞ்சம் கூடுதலாகக் கட்டி வி.பி.என். வைப்பதே எங்கள் பரிந்துரை.

கேமரா வாங்கும்போது என்ன சான்றிதழ் பார்க்க வேண்டும்?

2024 ஏப்ரலில் வந்த மத்திய அரசு அறிவிப்பின்படி, 2025 ஏப்ரல் 9 முதல் சி.சி.டி.வி. கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையும் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவும் கட்டாயம். எந்த மாடலைக் கொட்டேஷனில் எழுதியிருக்கிறார்களோ அந்த மாடல் எண்ணுக்கே சான்றிதழ் கேளுங்கள். கம்பெனிக்கு இருக்கிறது என்ற பதில் போதாது.

போலீஸ் காட்சி கேட்டால் எப்படிக் கொடுப்பது?

திரையைப் போனில் படம்பிடித்துக் கொடுக்காதீர்கள். என்.வி.ஆரிலிருந்து மூல வடிவத்தில் எடுத்து, அந்தக் கோப்பின் ஹேஷ் மதிப்பைக் (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் அடையாள எண்) குறித்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியம், 63-ஆம் பிரிவின்படி மின்னணுச் சான்றோடு ஒரு சான்றிதழ் வேண்டும். அந்தப் படிவத்தில் ஹேஷ் மதிப்பும் கேட்கப்படுகிறது. பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தோடு ஒரு பதிவு வைத்துக்கொள்ளுங்கள். பழைய காட்சியின் மேல் புதியது எழுதப்படும் என்பதால், சம்பவம் தெரிந்த அன்றே எடுத்துவிடுங்கள்.

இதெல்லாம் இருந்தும் கடிகாரம் தப்பாக இருந்தால் வழக்கில் சிக்கல். கதவுப் பதிவில் 9.10, கேமராவில் 9.17 என்றால் எது உண்மை? இரண்டையும் ஒரே நேர சர்வரோடு இணையுங்கள். 2022 ஏப்ரல் 28-இல் வந்த இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவின் (செர்ட்-இன்) உத்தரவு நிறுவனங்களுக்கு என்.ஐ.சி. (தேசியத் தகவலியல் மையம்) அல்லது என்.பி.எல். (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேர சர்வரோடு ஒத்திசைவையும், 180 நாள் லாக் சேமிப்பையும், ஊடுருவல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தகவல் தருவதையும் கேட்கிறது. அலுவலகம் நடத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வீட்டு வேலைக்கு வருபவர்களுக்குக் கைரேகை, முகப் பதிவு வைக்கலாமா?

பாத்திரம் தேய்த்து, துணி துவைத்துத் தேய்ந்த விரல்களில் கைரேகைக் கருவி அடிக்கடி தோற்கும். காலையில் ஐந்து வீட்டுக்கு ஓடும் அம்மாவைக் கேட்டில் நிறுத்தி விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கச் சொல்வது நியாயமில்லை. கார்டு கொடுங்கள், வீட்டில் இருப்பவர்களுக்கும் அதே முறையை வையுங்கள்.

முகப் பதிவு தேவை என்று முடிவு செய்தால், கார்டு என்ற மாற்று வழியும் இருக்க வேண்டும். எதற்கு எடுக்கிறோம், எவ்வளவு நாள் வைப்போம் என்று அவருக்குப் புரியும் மொழியில் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணை மொழி ஒன்றிலோ பெறும் வாய்ப்பைத் தரச் சொல்கிறது. தமிழும் கன்னடமும் அதில் உண்டு. ஆதார் நகலைக் கேட்டில் சேர்த்துவைக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். அவர் வேலையை விட்டுப் போன அன்றே பதிவை நீக்குங்கள்.

கதவுக்குக் கல்லை முட்டுக்கொடுத்துத் திறந்தே வைத்துவிடுகிறார்கள்.

முதலில் காரணத்தைப் பாருங்கள். பூட்டு விடும் நேரம் மூன்று விநாடி மட்டும் இருந்தால் தண்ணீர் கேன் தூக்கி வருபவர் என்ன செய்வார்? ஏழு எட்டு விநாடியாக வையுங்கள். டோர் சென்சாரில் 30 விநாடிக்கு மேல் திறந்திருந்தால் அங்கேயே பஸ்ஸர் அடிக்கும்படி செய்யுங்கள். பால், பேப்பர் வரும் நேரத்துக்குக் கேட்டில் ஆள் போடுங்கள்.

வண்டி கேட்டில் ஃபாஸ்டேகையே பயன்படுத்தலாமா? காசு கழியுமா?

பயன்படுத்தலாம், கழியாது. ரீடர் 865–867 மெகாஹெர்ட்ஸில் ஸ்டிக்கரின் எண்ணை மட்டும் படிக்கிறது. கட்டணம் வங்கி வழியாக மட்டுமே நடக்கும். உலோகப் பூச்சுள்ள முன்கண்ணாடி வண்டிகளில் படிக்காது. ஸ்டிக்கரை இடம் மாற்ற வேண்டும். தடுப்புக் கம்பம் இறங்கும் இடத்தில் தரைக்குள் புதைத்து வண்டியின் உலோகத்தை உணரும் கம்பி வளையமான லூப் மட்டும் போதாது. பைக்கில் இரும்பு குறைவு என்பதால் லூப் சில நேரம் அதைக் கவனிக்காது, கம்பம் தலையில் இறங்கும். ஃபோட்டோ சென்சாரையும் சேர்த்துப் போடுங்கள்.

ஒவ்வொரு ஏப்ரல், மே மழையிலும் ஏதாவது ஒன்று எரிந்துபோகிறது.

கட்டடத்துக்கு வெளியே கம்பத்தில் இருக்கும் கேமராவுக்குச் செம்புக் கேபிள் போட்டிருப்பீர்கள். இடி மின்னலின்போது எழும் அழுத்தம் அதன் வழியாக ஸ்விட்சுக்கு வந்து, அதில் இருக்கும் மற்ற கேமராக்களையும் சேர்த்துக் கொல்லும். கட்டடத்திலிருந்து கம்பத்துக்கு ஃபைபர், கம்பத்தில் சிறு ஸ்விட்ச், அதற்கு எர்த் இணைத்த சர்ஜ் பாதுகாப்பு. எர்த் இல்லாத சர்ஜ் கருவி எதையும் காப்பாற்றாது.

இவற்றைப் பொருத்திக் கொடுத்தவர் போன் எடுப்பதில்லை. பாஸ்வேர்டு எங்களிடம் இல்லை.

தயாரிப்பாளரின் சேவை மையத்தை வாங்கிய பில்லோடு அணுகினால் பல மாடல்களில் மீட்டுத் தருவார்கள். கன்ட்ரோலரை மட்டும் அவசரப்பட்டு ரீசெட் செய்யாதீர்கள். கார்டுப் பட்டியல் முழுக்க அழியக்கூடும். சாஃப்ட்வேர் ஓடும் கணினியில் டேட்டாபேஸ் நகல் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

அடுத்த ஒப்பந்தத்தில், கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் இவற்றை வாங்குங்கள்: எல்லா அட்மின் பாஸ்வேர்டுகள், ஐ.பி. முகவரிப் பட்டியல், வயரிங் வரைபடம், கார்டுச் சாவிகள், அமைப்புகளின் பேக்கப் கோப்பு, லைசென்ஸ் யார் பெயரில் என்ற விவரம். கிளவுட் கணக்கு அசோசியேஷனின் மின்னஞ்சலில் தொடங்கப்பட வேண்டும். செயலாளரின் சொந்த மெயிலும் வேண்டாம், அவர் அடுத்த வருடம் வீடு மாறலாம். வாங்கிய அன்றே பாஸ்வேர்டுகளை மாற்றி, இரண்டு பொறுப்பாளர்களிடம் மட்டும் வையுங்கள்.

மாதாமாதம் என்ன பார்க்க வேண்டும்?

அரை மணி நேர வேலை. ஒரு கதவின் மெயின் கரண்டை அணைத்து, பேட்டரியில் பத்து நிமிடம் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு பச்சைப் பெட்டியை இயக்குங்கள். ஏதாவது ஒரு கேமராவில் 29 நாளுக்கு முந்தைய காட்சியைத் தேடி ஓட்டிப் பாருங்கள். "ரெக்கார்டிங்" என்ற சிவப்புப் புள்ளியை நம்ப வேண்டாம். வீடு காலி செய்தவர்கள், வேலையை விட்டவர்கள் கார்டு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பட்டியலை ஒப்பிடுங்கள். ஃபர்ம்வேர் புதுப்பிப்பு வந்திருந்தால் முதலில் பேக்கப் எடுத்து, ஒரே ஒரு சாதனத்தில் போட்டு, ஒரு வாரம் விட்டு மற்றவற்றில் போடுங்கள். தீ அலாரத்தோடு சேர்ந்த முழுச் சோதனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, குடியிருப்பவர்களுக்கு முன்கூட்டியே நோட்டீஸ் ஒட்டிவிட்டுச் செய்யுங்கள்.